கல்யாணப் பையில் ஒரு 35-150, மூன்று ஃபிளாஷ்

கல்யாணம் எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு பதில் ஏற்கனவே இருக்கும்: 24-70, 70-200 மி.மீ. ஜூம்கள், இரண்டும் எஃப்/2.8. மி.மீ. எண் கூடினால் தூரத்தில் இருப்பது அருகே வரும், எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிதாகி வெளிச்சம் கூடும். அந்தப் பதிலில் தப்பில்லை. நானும் பல வருடம் அந்த ஜோடியைத்தான் சுமந்தேன். இப்போது என் பையில் அவை இரண்டும் இல்லை. டாம்ரான் 35-150 எஃப்/2-2.8 ஒன்று, சோனி 20 எஃப்/1.8 ஒன்று, கோடாக்ஸ் வி1 ஃபிளாஷ் இரண்டு, அதே கம்பெனியின் பெரிய ஃபிளாஷ் ஏடி200 ப்ரோ ஒன்று. இவ்வளவுதான். எல்லாம் சொந்தக் காசில் வாங்கியவை, யாரும் இலவசமாக அனுப்பி எழுதச் சொல்லவில்லை. அதனால் குறைகளையும் தாராளமாகச் சொல்லலாம்.

நான் எதையும் கூர்மையை வைத்து மதிப்பிடுவதில்லை. இன்றைக்கு வருகிற 2.8 ஜூம் எல்லாமே ஆல்பத்துக்குத் தேவையானதைவிடக் கூர்மையாகத்தான் இருக்கின்றன. கல்யாணத்தில் படம் தப்பிப்போவதற்குக் காரணம் வேறு. லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும்போது அப்பா கண்ணைத் துடைத்துவிடுவார். ஃபிளாஷ் சார்ஜ் ஏறுவதற்குள் மணப்பெண் சிரித்து முடித்திருப்பாள். இன்னொரு தடவை அழுங்கள் என்று யாரிடம் கேட்பது? ஆகவே ஒவ்வொரு பொருளிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அந்த நொடியில் நீ தயாராக இருப்பாயா?

35-150: எங்கே சுகம், எங்கே தொல்லை

டாம்ரான் இந்த லென்ஸை 2021இல் சோனிக்கு வெளியிட்டது. நிக்கானின் இசட் மவுண்டுக்கு (மவுண்ட் என்றால் கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) 2023இல் வந்தது. கேனானின் ஆர்எஃப் மவுண்டுக்காரர்களுக்கு இது கிடையாது, அவர்களுக்கு என்ன வழி என்று பின்னால் சொல்கிறேன்.

பெயரில் இருக்கும் எஃப்/2ஐ முதலில் பார்த்துவிடலாம். அந்தத் திறப்பு 35 பக்கம் மட்டும்தான். 40ஐத் தொட்டதும் 2.2, 60இல் 2.5, 80க்கு மேல் 2.8. 85இல் எஃப்/2 கிடைக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். 80க்கு மேல் இது எல்லா 2.8 ஜூமையும் போல ஒன்று. ஆனால் 35இல் கிடைக்கும் அந்த ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், எனக்கு அடிக்கடி உதவுகிறது. கூட்டத்துக்கு நடுவே, அலங்கார அறையில், படிக்கட்டில், வாசலில் என்று வெளிச்சம் குறைந்த இடங்களில் நெருங்கி நின்று எடுக்கும்போது என் கை தானாக 35 பக்கம்தான் போகிறது.

ஃபிளாஷோடு எடுக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எஃப்/2இல் வைத்துவிட்டு ஜூம் செய்தால் திறப்பு தானாகச் சுருங்கும். ஃபிளாஷ் மேனுவலில், அதாவது பவரை நாமே வைத்த நிலையில், இருந்தால் படம் இருட்டிக்கொண்டே போகும். அதனால் ஃபிளாஷ் எரிகிற நேரம் முழுக்க எஃப்/2.8இலேயே பூட்டிவிடுகிறேன். எஃப்/2 எல்லாம் ஃபிளாஷ் இல்லாத நேரத்துக்கு.

35இல் அறையும் ஆட்களும், 50இலிருந்து 70 வரை ஜோடி, 85இலிருந்து 105 வரை இடுப்பளவுப் படம், 150இல் கண்ணீர். இவ்வளவையும் ஒரே திருகலில் தருகிற லென்ஸ் எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை. 200 இல்லையே என்று முதலில் தயங்கினேன். 33 மெகாபிக்சல் படத்தை 150இல் எடுத்து 200 அளவுக்கு வெட்டினால் சுமார் 18 மெகாபிக்சல் மிஞ்சும். ஆல்பத்தின் இரண்டு பக்கத்தில் விரித்துப் போடவும் அது போதும். மண்டபத்தின் கடைசி வரிசையில் கட்டிப்போட்டதுபோல் நின்றே எடுக்க வேண்டிய கல்யாணங்கள் உண்டு. மேடை அருகே யாரும் போகக்கூடாது என்பார்கள். அங்கே 70-200 வேண்டும்தான். அந்த மாதிரி நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

எடை 1165 கிராம். என் சோனி ஏ7 IV பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, 658 கிராம். இரண்டும் சேர்ந்து 1.8 கிலோ, மேலே ஃபிளாஷ் ஏறினால் இரண்டைத் தாண்டிவிடும். ஒற்றைக் கையில் தலைக்கு மேலே தூக்கி எடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கழுத்து வாரில் மாட்டினால் மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். இரண்டு தோளிலும் எடையைப் பிரிக்கிற இரட்டை வார்தான் சரி. கணக்குப் பார்த்தால் பெரிய மிச்சமும் இல்லை. சோனியின் 24-70 ஜிஎம் II 695 கிராம், 70-200 ஜிஎம் II 1045 கிராம், மொத்தம் 1740. என் 35-150உம் 20உம் சேர்ந்தால் 1538. இருநூறு கிராம் குறைவதற்காக யாரும் லென்ஸ் மாற்ற மாட்டார்கள். எனக்குக் கிடைத்தது வேறு: முக்கியமான நேரத்தில் எந்த கேமராவை எடுப்பது என்ற யோசனையே இல்லாமல் போய்விட்டது. சடங்கு முழுக்க ஒரே பாடி கண்ணில். இரண்டாவது பாடி 20ஓடு இடுப்பில் தொங்கும், ஏதாவது பழுதானால் கைகொடுக்கவும் அதுதான்.

லென்ஸுக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லை. பாடியில் இருக்கிறது, அது எனக்குப் போதும். இதற்காக வாங்காமல் விடுகிறவர்களிடம் சொல்வது இதுதான்: ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், மாப்பிள்ளை தலை திருப்புவதை நிறுத்தாது. ஆட்கள் அசைகிற இடத்தில் 150இல் ஷட்டர் வேகம் எப்படியும் 1/200 நொடிக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

இப்போது உண்மையான குறைகள். 150க்குத் திருகினால் குழல் வெளியே நீண்டு முன்பாரம் கூடுகிறது. முழுத் திறப்பில் மூலைகள் இருட்டாக வருகின்றன, மென்பொருளில் ஒரு தட்டில் சரியாகிவிடும். 150இல் 85 செ.மீ.யைவிட அருகே போனால் ஃபோகஸ் ஆகாது, 35இல் 33 செ.மீ. மோதிரத்தையும் நகையையும் படச் சட்டம் நிறைய எடுக்க இது ஆகாது. அந்த அரை மணி வேலைக்கு சோனி 90 மேக்ரோ எடுத்துவருவேன், பொருளை அதன் முழு அளவில் சென்சாரில் பதிக்கிற 1:1 லென்ஸ் அது. வேலை முடிந்ததும் காருக்குள் போய்விடும். இன்னொன்று: சோனி தன்னுடைய ஏ1, ஏ9 III போன்ற வேக பாடிகளில் மற்ற கம்பெனி லென்ஸ்களுக்கு நொடிக்கு 15 படம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கல்யாணத்தில் நொடிக்கு 15 படம் எடுத்தால் அப்புறம் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கப்போவது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீடியோவும் எடுக்கிறவர்கள் இதையும் கவனிக்கவும். ஃபோகஸ் மாறும்போது சட்டம் விரிந்து சுருங்குவதைச் சரிக்கட்டும் வசதி சோனி பாடியில் சோனி லென்ஸுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

சரி, 20 எதற்கு? 35இல் அடங்காத அறைக்கு. மண்டபத்தை ஆள் வருவதற்கு முன் ஒரு முறை, நிறைந்த பின் ஒரு முறை, ஆட்டம் தொடங்கினால் கூட்டத்துக்கு நடுவே. 16-35 எஃப்/2.8 வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, ஆனால் 373 கிராமில் 1.8 திறப்பு கிடைப்பது இரவில் நல்ல உதவி. 20இல் ஓரத்தில் நிற்கிறவர் முகம் பக்கவாட்டில் இழுபடும். லென்ஸின் குறை இல்லை, அகலக் கோணம் என்றாலே அப்படித்தான். யாரோ ஒரு அத்தையை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஆல்பம் வந்ததும் அவர் ஏன் இப்படி இருக்கிறேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

ப்ரைம் பிரியர்களுக்கு

ப்ரைம் என்றால் ஜூம் ஆகாத, ஒரே மி.மீ. லென்ஸ். அவற்றின் எஃப்/1.4, எஃப்/1.2 மோகம் எனக்கும் இருந்தது. 85 எஃப்/1.4ஐ முழுதாகத் திறந்து இரண்டு மீட்டரில் நின்று எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர்தான். ஒருவர் முகம் சிக்கும், பக்கத்தில் அரை அடி பின்னால் நிற்பவர் முகம் கரையும். ஜோடியைத்தானே எடுக்கப் போகிறோம்? ஆக அந்த லென்ஸையும் 2.8க்கு மூடித்தான் பெரும்பாலான படம் எடுப்பீர்கள். 1.4க்கும் 1.8க்கும் நடுவே முக்கால் ஸ்டாப்கூட இல்லை. சோனியில் 85 எஃப்/1.4 ஜிஎம் II 642 கிராம், 85 எஃப்/1.8 371 கிராம்.

இப்போதுதான் தொடங்குகிறவருக்கு நான் 35-150ஐ வாங்கச் சொல்வதில்லை. 35 எஃப்/1.8, 85 எஃப்/1.8, இரண்டு பாடி. சோனியில் அந்த இரண்டு லென்ஸும் சேர்ந்து 651 கிராம், ஒரு 24-70 ஜிஎம் IIஐவிடக் குறைவு. மிச்சமாகிற பணம் ஃபிளாஷுக்குப் போகட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, அறையின் அளவு. ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை கொஞ்சம் இடம் விட்டு, கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்க 85இல் ஏறக்குறைய ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 50இல் மூன்று மீட்டருக்குள், 35இல் இரண்டு. அலங்காரம் நடக்கிற அறை பெரும்பாலும் ஐந்து மீட்டர் இருக்காது, இருந்தாலும் அதில் நாலு பெட்டியும் எட்டு உறவினரும் இருப்பார்கள். கிராப் சென்சார், அதாவது சிறிய சென்சார் கேமரா என்றால் இன்னும் பின்னால் போக வேண்டும். 85 அங்கே சோனி, நிக்கானில் 128 போலவும், கேனானில் 136 போலவும் நடந்துகொள்ளும். கிராப் பாடிக்காரர்கள் 23இலும் 56இலும் தேடினால் இதே ஜோடி கிடைக்கும்.

கேனான்காரர்களுக்கு ஆர்எஃப் 28-70 எஃப்/2 இருக்கிறது. திறப்பு முழு நீளத்துக்கும் எஃப்/2, படத்தைப் பார்த்தால் ப்ரைம் இல்லை என்று நம்ப மாட்டீர்கள். ஆனால் 1430 கிராம், 95 மி.மீ. ஃபில்டர். இரவல் வாங்கி ஒரு வரவேற்பு முழுக்கப் பிடித்துப் பார்த்தேன், மறுநாள் மணிக்கட்டு பேசியது. அதோடு 70இல் நின்றுவிடுகிறது, தூரத்துக்குக் கூடவே வேறொன்று வேண்டும். ஆர்எஃப் 85 எஃப்/2 மேக்ரோவைக் கூட்டிக்கொண்டால் 1:2 அளவுக்கு நகைப்படமும் ஆகிவிடும், முகப்படமும் ஆகிவிடும், 500 கிராம்தான். சோனியும் 2024இல் 28-70 எஃப்/2 அறிவித்தது. 918 கிராம். அதுதான் இப்போது என்னைச் சபலப்படுத்துகிற ஒரே லென்ஸ்.

ஃபிளாஷ்

லென்ஸ் பற்றி இவ்வளவு எழுதியபின் இதைச் சொல்வது வேடிக்கைதான்: கல்யாணப் படங்களில் எனக்கும் இன்னொருவருக்கும் தெரிகிற வித்தியாசத்தில் லென்ஸுக்குப் பங்கு குறைவு. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம். ஆகவே இந்தப் பகுதி நீளும்.

கோடாக்ஸ் வி1ஐ எல்லோரும் அதன் வட்டத் தலைக்காக வாங்குகிறார்கள். நான் அதற்காக வாங்க வேண்டாம் என்பேன். கூரையிலோ சுவரிலோ அடித்துத் திருப்பும்போது உங்களுக்கு விளக்காக நிற்பது அந்தச் சுவர்தான், ஃபிளாஷின் தலை வட்டமா சதுரமா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. நேரடியாக அடித்தால் ஓரம் கொஞ்சம் மென்மையாக விழும், நிறத் தாளான ஜெல்லையும் ஒளியைக் குறுக்குகிற வலையான கிரிட்டையும் காந்தத்தில் சட்டென்று ஒட்டலாம், அவ்வளவுதான் லாபம். வி1இல் மதிப்பு அதன் லித்தியம் பேட்டரியில் இருக்கிறது. முழு பவரில் அடித்தாலும் ஒன்றரை நொடியில் திரும்பத் தயார், ஒரு சார்ஜில் ஏறக்குறைய 480 முழு அடி என்று கம்பெனி சொல்கிறது. நாலு பென்டார்ச் பேட்டரி போடுகிற ஃபிளாஷில் முதல் நூறு படத்துக்குப் பிறகு இடைவெளி நீண்டுகொண்டே போகும், கூட்டம் நிற்கிற நேரம் பார்த்து, தயார் என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியாது. ஆனால் இதே பேட்டரி சுகம் சதுரத் தலை வி860 IIIஇலும் இருக்கிறது. வட்டத் தலைக்கு மனசு அடித்துக்கொள்ளாவிட்டால் அதையே வாங்குங்கள். பென்டார்ச் ஃபிளாஷ்தான் கையில் இருக்கிறது என்றால் சார்ஜ் இறங்காமல் வைத்திருக்கும் நல்ல நிக்கல் பேட்டரியாகப் பார்த்து மூன்று செட் வையுங்கள், ஒவ்வொரு செட்டையும் கலக்காமல் தனித்தனி டப்பாவில்.

வி1இன் பவர் 76 வாட்-செகண்ட், ஒரு முழு அடியில் செலவாகும் மின்சக்தியின் அளவு அது. ப்ரோஃபோட்டோ 2017இல் கொண்டுவந்த ஏ1ம் இதே 76தான். அதன் கட்டமைப்பும் மெனுவும் அருமை, ஒரு வாரம் இரவல் வைத்திருந்து திருப்பித் தர மனமில்லாமல் தந்தேன். ஆனாலும் கூரையில் பட்டுத் திரும்பிய பின் இரண்டின் வெளிச்சத்தையும் படத்தில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஃபிளாஷ் எவ்வளவு தூரம் எட்டும் என்று காட்டும் கைடு நம்பர் 60 என்று சதுரத் தலை ஃபிளாஷ்களில் பெரிதாகப் போடுவார்களே, அது தலையை 200 மி.மீ.க்கு ஜூம் செய்து ஒளியைக் குவித்து அளந்த எண். 35க்கு விரித்தால் அந்த எண் வெகுவாக இறங்கும், கூரையில் அடித்தால் இன்னும் இரண்டு மூன்று ஸ்டாப் போய்விடும். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

பவர் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சென்சாரின் ஒளி உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 200, 400க்கு மேல் ஏற்றப் பயப்படுகிறவர்கள். ஐஎஸ்ஓ 100இல் முழு பவர் கேட்கிற அதே படம், ஐஎஸ்ஓ 1600இல் 1/16 பவரில் வரும். 1/16இல் அடிக்கிற ஃபிளாஷ் விரலை எடுக்குமுன் தயாராகிவிடும், சூடாகாது, பேட்டரி நள்ளிரவு வரை வரும். பின்னால் இருக்கிற அலங்கார விளக்குகளும் கறுப்பில் மூழ்காமல் படத்தில் வரும். உள்ளரங்கில் என் தொடக்கம் எப்போதும் ஐஎஸ்ஓ 1600, எஃப்/2.8, ஷட்டர் 1/100 நொடி. அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்வேன்.

1/100 ஏன்? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி, ட்யூப் விளக்குகள் நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் ஏற்றமும் இறக்கமும் முழுதாக அடங்கிவிடும், படத்துக்குப் படம் நிறம் மாறாது. 60 ஹெர்ட்ஸ் இருக்கும் நாட்டில் 1/60 அல்லது 1/120. சத்தமில்லாத ஷட்டர் போட்டு எடுக்கும்போது இந்த விளக்குகளில் வரிவரியாகக் கோடு விழும். அதே ஷட்டரில் பக்கத்துக் கேமராக்காரரின் ஃபிளாஷ் எரிந்தால் உங்கள் படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளுத்துப்போகும். சோனி ஏ9 III மாதிரி சென்சாரை ஒரே நேரத்தில் வாசிக்கிற கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அலங்காரத்தைப் பார்க்காமல் அண்ணாந்து பார்க்கிற ஆள் நான். வெள்ளையாக, எட்டுகிற உயரத்தில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மரக் கூரை என்றால் முகமெல்லாம் ஆரஞ்சு. கறுப்புக் கூரை, துணிப் பந்தல், மிக உயரமான கூரை, எதிலும் திரும்பி வராது. அப்போது ஃபிளாஷைப் பக்கச் சுவருக்கோ எனக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கோ திருப்புவேன். நேராகக் கூரையில் அடித்தால் கண்குழியில் நிழல் விழும். பக்கவாட்டில் அடித்தால் முகத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும். ஃபிளாஷ் தலையைச் சுற்றி ஒரு கறுப்பு ஃபோம் துண்டை ரப்பர் பேண்டில் கட்டிவிட்டால் முன்னால் சிந்துகிற ஒளி நேராக முகத்தில் படாது, பக்கத்தில் நிற்பவர் கண்ணும் கூசாது. வெள்ளை பிளாஸ்டிக் டோம்களில் நான் வாங்கிய எதையும் இப்போது பயன்படுத்துவதில்லை. பவரைத் தின்பதைத் தவிர அவை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

கேமராவே அளந்து ஃபிளாஷ் பவரை வைக்கிற டிடிஎல்லா மேனுவலா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை, இரண்டும் வேண்டும். ஜோடி நடந்து வரும்போது தூரம் மாறிக்கொண்டே இருக்கும், அங்கே டிடிஎல். மேடையில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது மேனுவல். வெள்ளை உடை சட்டத்தை நிறைத்தால் டிடிஎல் ஏமாந்து குறைவாக அடிக்கும், கறுப்பு சூட் நிறைத்தால் கூடுதலாக அடிக்கும். இருவரும் மாறி மாறி நிற்கிற இடத்தில் ஒவ்வொரு படமும் ஒரு வெளிச்சத்தில் வந்தால் எடிட்டிங்கில் உயிர் போய்விடும். டிடிஎல் அளப்பதற்காக முன்கூட்டி ஒரு சின்ன மின்னல் விடும். சிலர் அதற்கே கண்ணை மூடிவிடுவார்கள். எல்லாப் படத்திலும் ஒருவர் மட்டும் கண் மூடியிருந்தால் மேனுவலுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஏடி200 ப்ரோ வி1ஐவிட ஒன்றரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவாகப் பவர் கூடியது: 200 வாட்-செகண்ட், 500 முழு அடி. செங்கல் வடிவம், கேமரா மேல் ஏறாது. இரண்டு தலை வரும், ஒன்று வழக்கமான ஃபிளாஷ் முகம், இன்னொன்று திறந்த பல்ப். ஒளியை மென்மையாக்கும் குடைக்குள் எப்போதும் திறந்த பல்பைத்தான் போடுகிறேன், ஒளி எல்லாப் பக்கமும் பரவிக் குடையை நிரப்பும். அந்தப் பல்ப் வெறும் கண்ணாடி. மூடி இல்லாமல் பைக்குள் போட்டால் உடைந்துதான் வெளியே வரும். குடைக்குத் தனியாக ஒரு பிராக்கெட் வாங்க வேண்டும்.

குரூப் போட்டோவில்தான் இதற்கு வேலை. பலரும் இரண்டு வரிசை நின்றாலே எஃப்/8க்குப் போய்விடுகிறார்கள். 35இல் நாலு மீட்டர் தள்ளி நின்றால் எஃப்/4இலேயே மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவிலிருந்து ஆறரை மீட்டர் வரை தெளிவாக இருக்கும். மூன்று வரிசை தாராளமாக அடங்கும். எஃப்/8க்குப் போனால் ஃபிளாஷ் நாலு மடங்கு உழைக்க வேண்டும், எதற்கு? விளக்கை மிக அருகே வைக்கிற பழக்கமும் குரூப்புக்கு ஆகாது. ஒருவருக்கு ஒரு மீட்டரில், அடுத்தவருக்கு இரண்டு மீட்டரில் விளக்கு இருந்தால் இருவருக்கும் நடுவே நாலு மடங்கு வித்தியாசம். அதே விளக்கை நாலு மீட்டருக்குத் தள்ளினால், நாலுக்கும் ஐந்துக்கும் ஒன்றரை மடங்குதான். தள்ளி வைக்கப் பவர் வேண்டும், அதற்குத்தான் 200. கேமராவுக்கு மிகவும் பக்கவாட்டில் வைத்தால் ஒருவர் நிழல் அடுத்தவர் முகத்தில் விழும். கொஞ்சம் பக்கம், நல்ல உயரம். உயர்த்தினால் கண்ணாடி அணிந்தவர்களின் பளபளப்பும் போகும். ஸ்டாண்டின் காலில் மணல் பை கட்டாயம். குழந்தைகள் ஓடாத கல்யாணம் கிடையாது.

உச்சி வெயிலில் ஜோடி எடுப்பவர்கள் 200ஐ நம்பி ரொம்ப துள்ள வேண்டாம். ஐஎஸ்ஓ 100, எஃப்/2.8 என்றால் வெயிலில் ஷட்டர் 1/3200 பக்கம் போகும். அங்கே அவ்வளவு வேக ஷட்டரிலும் ஃபிளாஷை எரியவைக்கிற ஹை-ஸ்பீட் சிங்க்தான் வழி, அதில் ஃபிளாஷ் பவர் கிடுகிடுவென இறங்கும். வெளிச்சத்தைக் குறைக்கிற ஒரு என்டி ஃபில்டர் போட்டு, ஃபிளாஷ் வழக்கமாக ஒத்துப்போகிற சிங்க் வேகமான 1/200க்குள் வந்துவிட்டால் பவர் மிச்சம். இன்னும் சுலபம், ஒரு மரத்தடி.

ஜெல் இல்லாமல் ஃபிளாஷ் வாங்காதீர்கள். மஞ்சள் விளக்கு 3200 கெல்வின் பக்கம், ஃபிளாஷ் 5600. முகத்தைச் சரிசெய்தால் பின்னணி காவியாகும், பின்னணியைச் சரிசெய்தால் முகம் நீலம் பாரிக்கும். முழு ஆரஞ்சு ஜெல் இரண்டையும் ஒன்றாக்கும். நான் பெரும்பாலும் பாதி ஆரஞ்சுதான் போடுகிறேன், பின்னணியில் கொஞ்சம் கதகதப்பு மிஞ்சட்டும் என்று.

இருட்டில் ஃபோகஸுக்கு ஃபிளாஷிலிருந்து வரும் சிவப்புக் கோடுகள் உதவும் என்று எதிர்பார்த்தால், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. திறப்பு பெரிய லென்ஸ், அல்லது வி1இல் இருக்கும் சின்ன எல்இடியை மங்கலாக எரியவிடுவது, இந்த இரண்டுதான் நடைமுறை. வ்யூஃபைண்டரில் எக்ஸ்போஷர் காட்டுவதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபிளாஷுக்காக வைத்த செட்டிங்கில் திரையே கறுப்பாகத் தெரியும். ஆட்டத்தின்போது லேசர் விட்டால் கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள், நேராகப் பட்டால் சென்சாரில் நிரந்தரமாகக் கோடு விழும்.

கடைசியாக, கேமராவிலிருந்து ஃபிளாஷை வயரில்லாமல் எரியவைக்கிற ட்ரிகர். முன்பு வைத்திருந்த ஒரு மலிவு ட்ரிகர் அடிக்கடி தூங்கிவிடும், எழுப்பும் முன் இரண்டு படம் இருட்டாகப் போயிருக்கும். இப்போது கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோ. இந்த வகையறாவில் எனக்குப் பிடித்தது, கேமராவில் மாட்டுகிற ட்ரிகர்தான் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். ஸ்டாண்டில் நிற்கிற ஃபிளாஷ் யார் சொன்னாலும் கேட்கும். கேனானோடு வருகிற என் கூட்டாளி கேனானுக்கான எக்ஸ்ப்ரோவை மாட்டிக்கொண்டு என் விளக்குகளையே அடிக்கிறார். கெடுதலும் அதில்தான் இருக்கிறது: 32 சேனல் இருந்தும் எல்லோரும் ஒன்றிலேயே விட்டுவைக்கிறார்கள், பக்கத்து மண்டபத்துக்காரர் க்ளிக் செய்தால் என் குடை மின்னும். சேனலோடு 1 முதல் 99 வரை ஐடி ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் ட்ரிகரிலும் ஒவ்வொரு ஃபிளாஷிலும் ஒரே மாதிரி மாற்றி, எண்ணை டேப்பில் எழுதி ஃபிளாஷின் வயிற்றில் ஒட்டிவையுங்கள். அதை வீட்டிலேயே செய்துவிட்டு வாருங்கள், மண்டப வாசலில் மெனுவைத் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது.